உப்பு லாரியின் சரியான வேகம்

1

இந்தக் கதை ஒரு கூச்சலில் பிறந்தது. கனடாவின் தண்டர் பே நகரில் எந்த பங்க் இசைக்குழு மேடையேறினாலும், முதல் பாட்டுக்கு முன்னால் பாடகர் "லீக்ருதா!" என்று கத்துவார், கூட்டமும் திருப்பிக் கத்தும். அர்த்தம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து நானும் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். என்ன கத்துகிறோம் என்று ஒருநாள் தெரிந்துபோனது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "உப்பு லாரி என்ற குழு இசையில் ஒரு புரட்சியை..." வேண்டாம். அவர்களிடம் கராஜ் இருந்தது, புரட்சி இருக்கவில்லை.

இரண்டாவது தொடக்கம்: எண்பதுகளில் ஒரு ஜனவரி. வெய்க்கோ பாட, அவன் தங்கை ரைலி டிரம்ஸ் அடிக்க, டௌனோ கிடார் வாசிக்க, ஒரு கேசட் பதிவானது. கராஜின் குளிரில் ரெக்கார்டரின் பேட்டரி செத்துக்கொண்டிருந்தது. நாடா மெதுவாக ஓடியபடியே பதிந்தது. வீட்டுக்குள் கொண்டுவந்து நல்ல பெட்டியில் போட்டால், பாட்டெல்லாம் தலைதெறிக்க ஓடியது.

"டேய், நம்மளா இது? இவ்ளோ வேகமாவா வாசிச்சோம்?" என்றான் டௌனோ.

"குளுருல கை தானா ஓடியிருக்கும்டா," என்றான் வெய்க்கோ.

(இங்கே எனக்குச் சந்தேகம். மூவரில் ஒருவருக்குமா புரியவில்லை? புரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பார்கள். நானாக இருந்தால் அதைத்தான் செய்திருப்பேன்.)

அந்தக் கேசட் கைமாறி, பிரதியின் பிரதியாகி, சுற்றுவட்டாரமெல்லாம் போனது. பிள்ளைகள் அந்த வேகத்திலேயே வாசிக்கப் பழகினார்கள், முதல் பாட்டுக்கு முன்னால் அதில் கேட்ட "லீக்ருதா!" என்ற கூச்சலையும் அப்படியே கத்தினார்கள். அதுதான் இன்று எங்கள் ஊர் பாணி. உப்பு லாரியால் மட்டும் அந்த வேகத்தை எட்ட முடியவில்லை. சொந்தப் பாட்டை வாசிக்கும்போதே, "உப்பு லாரி மாதிரி வாசிங்கப்பா!" என்று கூட்டம் கிண்டலடித்தது. குழு கலைந்தது.

3

வெய்க்கோ போன குளிர்காலத்தில் இறந்தான். (முதல் வரைவில் அவனை வண்டியோடு ஏரிப் பனிக்குள் இறக்கினேன். பாடகன் என்றால் அப்படிச் சாக வேண்டும் என்று எனக்கு ஒரு கெட்ட பழக்கம். அடித்துவிட்டேன். வாசலில் பனி தள்ளும்போது மாரடைப்பு.)

கேசட்டை இசைத்தட்டாகக் கொண்டுவர ஒக்ஸானா முன்வந்தாள். அவளும் குழு வைத்திருப்பவள். முழங்கையில் "லீக்ருதா" என்று பச்சை குத்தியவள். ரைலிக்கு இருந்தது ஒரே ஆசை: அண்ணன் குரல் வேண்டும். வேறு பதிவே கிடையாது. கேசட்டில் இருப்பதோ யாரோ ஒரு கீச்சுக்குரல்.

ஒக்ஸானா கணினியில் வேகத்தைக் குறைத்தாள். கூச்சல் இருந்த இடத்தில் ஒரு கட்டைக்குரல் நிதானமாகக் கேட்டது:

"ரைலி, குளுருதா?"*

"அய்யய்யோ," என்று ஒக்ஸானா முழங்கையைப் பார்த்தாள். "இதையா நான் குத்திக்கிட்டுத் திரியறேன்?"

ரைலிக்குச் சிரிப்பு வந்தது, சிரிக்கும்போதே அழுதுவிட்டாள். "அவனேதான். அன்னிக்கு நான் கையுறையை மறந்துட்டு வந்துட்டேன். அதான் கேக்கறான்."

* அவன் கேட்டது வீட்டில் பேசும் ஃபின்னிஷில். ஒக்ஸானாவுக்கு அர்த்தம் சொன்னது ரைலி. தமிழாக்கியது நான், கூச்சலையும் அதற்குத் தக்கபடி மாற்றிக்கொண்டேன்.

4

இசைத்தட்டில் எந்த வேகம்?

"கோச்சுக்காதீங்க ரைலி, இப்படிக் கேட்டா பாட்டு சவசவன்னு இருக்கு. ஊரே அந்தத் தப்பைத்தான் கத்துக்கிச்சு."

"தப்பையே போட்டா, எங்கண்ணன் எங்கடி இருக்கான் அதுல?"

முடிவு அ: வேகம். ஊரே வெய்க்கோவின் கேள்வியைத் தெரியாமலே கத்திக்கொண்டிருக்கும். எனக்குப் பிடித்தது, ரைலிக்குப் பிடிக்காது.

முடிவு ஆ: நிதானம். அண்ணன் திரும்பி வருவான். உப்பு லாரி சுமாரான குழு என்பதும் வெளியே வந்துவிடும்.

முடிவு இ: இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் வேகம், மறுபக்கத்தில் நிதானம். இரண்டு பேரையும் சமாளிக்க நான் செய்த வேலை. ரைலியின் முகத்தை நினைத்ததும் கிழித்துப் போட்டேன்.

5

அன்று கராஜில் அண்ணனுக்கு அவள் பதில் சொல்லவில்லை. அதற்குள் பாட்டைத் தொடங்க டிரம்ஸ் குச்சிகளைத் தட்டி எண்ண ஆரம்பித்துவிட்டாள். கேசட்டிலேயே கேட்கிறது.

"இன்னொரு வாட்டி போடு," என்றாள் ரைலி. "நான் எண்ணறதுக்கு முன்னால நிறுத்திடு."

ஒக்ஸானா போட்டாள், நிறுத்தினாள்.

"ஆமாண்ணா," என்றாள் ரைலி. "ரொம்பக் குளுருது."

ஒக்ஸானாவின் விரல் இன்னும் வேகத்தை மாற்றும் விசையில்தான் இருக்கிறது. அது எந்தப் பக்கம் நகரும் என்று நான் எழுதப் போவதில்லை. அடுத்த தடவை மேடையிலிருந்து "லீக்ருதா!" என்று யாராவது கத்தினால், நீங்கள் திருப்பிக் கத்துவீர்களா, பதில் சொல்வீர்களா?