கலர் கம்பெனி

அன்று சுராயா வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஜன்னலை ஒட்டிய பிளாஸ்டிக் நாற்காலியில் நண்டு வியாபாரி கலந்தர். காலேஜ் படித்த அவர் மகள் ஜஸீலா சமையலறை வாசலருகே பாயில். அவளுக்கு எதிரே சுவரில் சாய்ந்து வீட்டுக்காரி சுராயா. கூனங்குப்பத்து பிராங்க்ளின் வாசற்படியில், செருப்பைக் கையெட்டும் தூரத்தில் விட்டுவிட்டு. நடுவில் ஸ்டூல் போட்டு, தாளும் பேனாவுமாக, மனு எழுதும் கோதண்டமாகிய நான். எல்லோருக்கும் பொதுவாகத் தரையில் ஒரு மஞ்சள் டின், எலுமிச்சம்பழப் படம் போட்டது.

அந்த டின்னால் வந்த வினைதான். சுராயாவின் மகன் இர்ஃபானுக்கும் ஜஸீலாவுக்கும் நிச்சயமாகி எட்டு மாதம். இர்ஃபான் ஒரு சின்னத் தீவு நாட்டில், குடோனில் வேலை பார்க்கிறான்; கலர், அதாவது குளிர்பானம், செய்யும் கம்பெனி என்று வீட்டில் நினைத்திருந்தார்கள். அங்கேயே வேலை செய்யும் பிராங்க்ளின் லீவில் வந்தபோது, இர்ஃபான் கொடுத்த பேரீச்சம்பழப் பையில் தனக்கென்று வாங்கிய ஆறு டின்களையும் வைத்து, எடுக்க மறந்துவிட்டான். மகன் கம்பெனிக் கலர் அனுப்பியிருக்கிறான் என்று சுராயா அவற்றை இறால் பெட்டி ஐஸில் புதைத்து வைத்து, ஞாயிறன்று வந்த சம்பந்திக்கு உடைத்துக் கொடுத்தாள். கலந்தர் ஒன்றைக் குடித்து, நன்றாயிருக்கிறதென்று இன்னொன்றும் கேட்டு வாங்கினார். மாலை அஸர் தொழுகைக்கு எழுந்தவருக்குத் தலை சுற்றியது. பிராங்க்ளின் பையைத் தேடி வந்தபோதுதான் அது மதுவென்றும், இர்ஃபானின் கம்பெனிச் சரக்கே அதுதானென்றும் தெரிந்தது. நான்கு நாளாகக் கலந்தர் பள்ளிவாசலில் முன்வரிசைக்குப் போகவில்லை.

"எழுதுய்யா" என்றார் கலந்தர். "சாராயக் கம்பெனில வேல செஞ்சிக்கினு, கலர் கம்பெனினு பொய் சொன்னதால நிச்சயத்த முறிச்சிக்கிறோம். ரிஜிஸ்டர் தபால்ல போவணும். போன்ல சொன்னா, வரவேயில்லம்பான்."

சுராயா தன் பிள்ளை பொய் பேசமாட்டான் என்று மூன்றாவது முறையாகச் சொன்னாள். பிராங்க்ளின் எழுந்து நின்றான்.

"மாமு, டின்னு என்துது. அவன் இத தொடவே மாட்டான்."

"நீ குந்து. உன் டின்ன குடிச்சவன் நான்."

நான் எழுதினேன். 'பொய்' என்ற சொல் வரை வந்து பேனா நின்றது.

எட்டு மாதம் முன்பு இர்ஃபானின் ஒப்பந்தத் தாளை இதே கூடத்தில் படித்துச் சொன்னவன் நான். அதில் 'ரெடி டு டிரிங்க்' என்று இருந்தது. திருப்பாலைவனம் பள்ளிக்கூடத்து இங்கிலீஷை வைத்துக்கொண்டு, குடிக்க ரெடியாக இருக்கிறது, அதாவது கலர் என்று சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள், இர்ஃபான் உட்பட. அதுகூடப் போகட்டும். என் சட்டைப்பையில் இருந்த போனில் அவன் பேசி அனுப்பியது ஒன்று கிடந்தது. வந்த எதையும் அழிப்பது என் வழக்கமில்லை.

"இன்னா யோசன? மை தீந்துபோச்சா?" என்றார் கலந்தர்.

வாயைத் திறந்தால் என் பிழைப்புப் போகும். மூடியிருந்தால் அந்தப் பிள்ளையின் கல்யாணம் போகும். போனை எடுத்து டின்னுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினேன். இர்ஃபானின் குரல் வந்தது.

"கோதண்டண்ணே, இது கலர் இல்லண்ணே. சரக்கையும் லெமனையும் மின்னாடியே கலந்து டின்ல அடச்சி விக்கிறானுங்க. நம்ம பொன்னேரி தாலுகா அளவுகூட இல்லாத நாடு, மாசத்துக்கு ஒரு புது டேஸ்ட் எறக்குறானுங்க. பீர வுட இதான் ஓடுது. கலக்கத் தேவல, தொறந்தா போதும். எனக்கு இத ஏத்தி எறக்கவே மனசு ஒப்பல. தண்ணி பாட்டில் பக்கம் மாத்தச் சொன்னேன், ஒப்பந்தம் முடியட்டும்ன்றான். அம்மாகிட்டயும் மாமுகிட்டயும் நீங்களே பதமா சொல்லிடுங்க. மறச்சேன்னு நாளைக்கு யாரும் சொல்லக்கூடாது."

சுராயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கலந்தர் அது எந்தத் தேதி வந்தது என்று கேட்டார். மார்ச் நாலு என்றேன். இப்போது ஆகஸ்ட். ஊரில் பாதிப் பேரின் பாஸ்போர்ட் தாளும் படகு மானிய மனுவும் என் கையால் போகின்றன. தப்பாகப் படித்தேன் என்று தெரிந்தால் யார் வருவார்கள் என்று பயந்து, அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிவிட்டதைச் சொன்னேன்.

ஜஸீலாதான் பேசினாள். "நீங்க தெரியாம குடிச்சீங்க வாப்பா. அவரு தெரியாம வேலைல சேந்தாரு, தெரிஞ்சதும் சொல்லிட்டாரு. தெரிஞ்சி மறச்சவரு பேனா புடிச்சிக்கினு குந்தினுகீறாரு."

கலந்தர் டின்னை எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"அந்தத் தாள கிழி."

கிழித்தேன். புதுத் தாளில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். டிசம்பரில் ஒப்பந்தம் முடிகிறது. அதற்கு மேல் ஒரு நாளுக்கும் கையெழுத்துப் போடக்கூடாது. ஊர் வந்து சேர்ந்ததும் நிக்காஹ். முதல் வரி மட்டும் கோதண்டம் அண்ணனுடையதாக இருக்க வேண்டும் என்றாள் ஜஸீலா. 'தாளைத் தவறாகப் படித்ததும், நீ சொன்னதைச் சொல்லாமல் வைத்திருந்ததும் நான்' என்று எழுதி, கீழே முழுப்பெயர் போட்டேன். கலந்தர் தாளை மகளிடம் கொடுத்து உரக்கப் படிக்கவைத்தார்.

"இனிமே இங்கிலீஷ் தாள்லாம் இவ படிப்பா" என்றார் என்னிடம். "நீ தமிழோட நிறுத்திக்க."

தலையாட்டினேன்.

தபால் பை மூன்று மணிக்குக் கட்டிவிடுவார்கள். கலந்தர் முன்னால் நடக்க, நான் பின்னால் போனேன். தபாலாபீசில் பசை தடவி உறையை ஒட்டினேன். அவர் அதை வாங்கி, ஒட்டிய இடத்தைக் கட்டைவிரலால் இருமுறை அழுத்திப் பார்த்தார். விலாசத்தை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகுதான் ஜன்னலுக்குள் நீட்டினார். முத்திரை விழுந்தது. ரசீதைத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.