ஆளுக்கொரு தட்டு

முந்நூறு நாள் விபத்தே இல்லாமல் வேலை நடந்ததற்காக மேலாளர் கொடுத்த விருந்து அது. கட்டடம் எழும்பும் இடத்திலிருந்து இரண்டு தெரு தள்ளி இருக்கிற மீன் சாப்பாட்டுக் கடைக்குக் குடும்பத்தோடு வரச் சொல்லியிருந்தார். என் கணவர் அங்கே கிரேன் ஓட்டுகிறார். என் தம்பி அதே கிரேனுக்குக் கீழே நின்று கொக்கியில் கம்பிக்கட்டுகளை மாட்டுகிறான். அவனுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததே இவர்தான்.

மேசைக்கே கொண்டுவந்து வைக்கிற கடை என்று நினைத்துத்தான் நான் சரி சொன்னேன். உள்ளே நுழைந்த பிறகுதான் அப்படி இல்லை என்று தெரிந்தது. வாசலருகே தட்டுகளை அடுக்கி வைத்திருந்தார்கள். ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டு வரிசையில் போக வேண்டும். கண்ணாடிக்குப் பின்னால் வறுத்த மீன், இறால், கணவாய், சோறு. கடைசியில் நிற்கிற பெண், கிண்ணம் தளும்பத் தளும்ப மீன் சூப் ஊற்றித் தட்டில் வைக்கிறாள். அதைத் தூக்கிக்கொண்டு இருபதடி நடந்து மேசைக்கு வர வேண்டும்.

இவருக்கு ஆறு மாதமாக வலது கை நடுங்குகிறது. இனி எந்த இயந்திரத்தையும் தொடக் கூடாது என்று மருத்துவர் எழுதியே கொடுத்துவிட்டார். அந்தச் சீட்டைப் பீரோவில் புடவைக்கு அடியில் தள்ளியவள் நான். "லீவரப் பிடிச்சா கை நின்னுடுது, எனக்குத் தெரியாதா?" என்று இவர் சொன்னார். நம்புவதற்கு எனக்கும் வசதியாக இருந்தது. எங்கள் பெண்கள் இரண்டு பேரும் படிக்கிறார்கள். இவருக்கோ வேறு தொழில் தெரியாது.

"நீங்க உக்காருங்க, ரெண்டு பேருக்கும் நானே எடுத்துட்டு வரேன்" என்றேன்.

மேலாளரின் மனைவிக்கு வாய் சும்மா இருக்குமா? "அடேயப்பா, ராஜாவுக்குப் பரிமாற ராணி கிளம்பிட்டாங்க! வீட்டுலதான் பொழுதன்னிக்கும் செய்யறீங்களே, இன்னிக்கு அவர் கொண்டாரட்டும்."

மேசையே சிரித்தது. மேலாளரும் சேர்ந்துகொண்டார். "அதானே! ரெண்டு டன் கம்பியப் பதினெட்டாவது மாடிக்கு அலுங்காம ஏத்தற ஆளு. ஒரு கிண்ணம் சூப்பக் கொண்டுவர மாட்டாரா?"

அந்தப் பாராட்டில் மனுஷன் எழுந்தே விட்டார். வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூட இரண்டு கையால் பிடித்துக் குடிக்கிறவருக்கு ரோஷம் மட்டும் குறையவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வரிசையில் இவருக்குப் பின்னால் என் தம்பி நின்றான்.

சூப்பை வாங்கிக்கொண்டு நாலு எட்டு நன்றாகத்தான் வந்தார். அதன் பிறகு கிண்ணம் தட்டில் கடகடவென்று ஆடத் தொடங்கியது. சூப் வழிந்து மீன்மேல் ஓடியது. பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பினார்கள். நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அதற்குள் தம்பி வேகமாக வந்து இவர் தோளில் இடித்தான். தட்டு, கிண்ணம், மீன் எல்லாம் தரையில்.

"ஐயோ மச்சான், மன்னிச்சுக்குங்க! மாடு மாதிரி வந்து மோதிட்டேன்" என்று கடை முழுக்கக் கேட்கும்படி கத்தினான்.

"உனக்குக் கண்ணு பிடரியிலயாடா இருக்கு?" என்றார் மேலாளர். மறுபடியும் சிரிப்பு. இவர் முகம் செத்துப்போய் மேசைக்கு வந்தார். யாரோ புதுத் தட்டு கொண்டுவந்து வைத்தார்கள்.

நான் காகிதத் துண்டுகளை அள்ளிக்கொண்டு ஓடினேன். தம்பியோடு குனிந்து தரையைத் துடைத்தபடி, "நல்ல வேளடா, தெரியாம மோதினே" என்றேன்.

"தெரிஞ்சேதான் மோதினேன்."

துடைத்த கை நின்றுவிட்டது.

"நாலு மாசமாத் தெரியும்க்கா. போன மாசம் கம்பிக்கட்டு ஆடி வந்து என் தலைக்கு ஒரு சாண் மேல போச்சு. அதுலேர்ந்து கொக்கிக்குக் கீழ வேற யாரையும் விடறதில்ல, நானே நின்னுக்கறேன். நீ கவலப்படாத. யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்."

எனக்கு ஆறுதல் சொல்கிறான், பாவி. கீழே நிற்பவன் என் தம்பி என்று எனக்குத் தெரியாமலா இருந்தது? தெரிந்துகொண்டேதான் ஆறு மாதமாகத் தினமும் காலையில் இருவருக்கும் சோறு கட்டிக் கொடுத்தேன். என் மேலேயே எனக்கு அருவருப்பாக இருந்தது.

மேசைக்குத் திரும்பினேன். இவர் வலது கையை மடியில் வைத்துக்கொண்டு இடது கையால் மீனைக் கிளறிக்கொண்டிருந்தார். மேலாளர் இறால் ஓட்டை உரித்தபடி, "திங்கக்கிழமை இருபதாவது மாடிக்கு கான்கிரீட் பலகை ஏறுது. நம்மாளு மேல இருக்கறப்ப எனக்கென்ன கவல?" என்றார்.

"சார், திங்கக்கிழமை இவர் ஏற மாட்டார்" என்றேன். "கை நடுங்குது. ஆறு மாசமாச்சு. ஓட்டக் கூடாதுன்னு டாக்டர் எழுதிக் கொடுத்துட்டார். சீட்ட ஒளிச்சு வச்சது நான்தான்."

மேலாளர் உரித்த இறாலைத் தட்டில் வைத்துவிட்டு இவரைப் பார்த்தார். அவர் மனைவி என்னைப் பார்த்தாள். தம்பி தலையே நிமிரவில்லை. இவர் மறுக்கப் போகிறார், அடிக்கக்கூடச் செய்வார் என்று நினைத்தேன்.

"எல்லாரும் சாப்பிட்டு முடிச்சப்புறம் சொல்லியிருக்கக் கூடாதாடி?" என்றார் மெதுவாக.

பிறகு மடியிலிருந்த வலது கையை எடுத்து எல்லார் எதிரிலும் மீனைப் பிட்டார். இரண்டு முறை துண்டு தட்டிலேயே விழுந்தது. மூன்றாவது முறை வாய்க்குப் போனது.