டேஷ்போர்டுக்குக் கீழே ஒரு பல்பு

அப்பாவின் காரை யாராவது பழைய இரும்பு என்றால் எனக்குச் சுள்ளென்று வரும். இந்த முறை சொன்னது அண்ணன். காலையில் சாவியைத் திருப்பினால் வண்டி முனகக்கூட மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் சரியாகாவிட்டால், பழைய கார்களைச் சேர்க்கும் ஒருவரிடம் கொடுத்துவிடுவதாகப் பேசி முடித்துவிட்டான். அம்மாவிடம் கேட்டானாம். அவள் பதில் சொல்லாமல் துணி மடித்துக்கொண்டிருந்தாளாம். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்ட மகாபுத்திசாலி அவன்.

கதவைத் திறந்தால் சீட்டுத் தோலும் பெட்ரோலும் அப்பாவின் தலை எண்ணெயும் கலந்த வாசனை இன்னும் கொஞ்சம் வருகிறது. அதைப் போய் யாரிடமோ கொடுப்பதா?

புது பேட்டரி போட்டாயிற்று. டைனமோவைக் கழற்றிப் பார்த்து மாட்டியாயிற்று. விடிந்தால் மறுபடி அதே கதை. கடைசியில் டெஸ்டரைக் கூப்பிட்டேன். கார் எலக்ட்ரீசியன். இரண்டு ஒயர் கோத்த பல்பு எப்போதும் கழுத்தில் தொங்குவதால் அந்தப் பெயர்.

அவன் முதலில் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். தொய்வில்லை. சார்ஜ் ஏற்றிக் கொண்டுவந்த பேட்டரியை மாட்டி வண்டியை எழுப்பி, ஆக்ஸிலேட்டரை மிதித்தான். சார்ஜ் ஏறுவதைக் காட்டும் மீட்டர் முள் சமர்த்தாக வலப்பக்கம் ஏறியது.

"வண்டி சம்பாதிக்கறதுல குறையே இல்லக்கா. வீட்டுக்குள்ளயே யாரோ செலவு பண்றாங்க," என்றான்.

எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரி ஒயரைக் கழற்றி, இடையில் தன் பல்பை வைத்தான். எரிந்தது. எங்கோ கரண்ட் ஓடுகிறது என்று அர்த்தமாம். ஒவ்வொரு ஒயராகப் பிடுங்கிக்கொண்டே வந்தான். ஒரு மெல்லிய ஒயரைப் பிடுங்கியதும் பல்பு அணைந்தது. அதைப் பிடித்துக்கொண்டே போனால், முன் சீட்டுக்கு எதிரே, டேஷ்போர்டின் அடியில், ஒரு சின்ன விளக்கு. ஸ்விட்ச் போட்டபடியே இருந்தது. ராத்திரி முழுக்க எரிந்து, விடிவதற்குள் பேட்டரியோடு அதுவும் செத்துவிடும். யார் கண்ணில் படும்?

பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அம்மாவுக்காக அப்பா மாட்டிய விளக்கு. வெளியூர் போய்த் திரும்பும்போது இருட்டிவிடும். அம்மா வாரப் பத்திரிகைத் தொடர்கதையை வாசிப்பாள். அவள் மூச்சு வாங்க நிறுத்தினால் போதும், ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் அப்பா "அப்புறம்?" என்பார். பின்சீட்டில் நானும் அண்ணனும் அந்தக் குரல்களைக் கேட்டபடியே தூங்கிப்போவோம். என்ன சுகமான தூக்கம் அது.

யார் இதைப் போட்டது என்று வழக்கம்போல் கத்தினேன். அம்மா ஷெட் வாசலில் நின்றிருந்தாள்.

"நான்தாண்டி. கதை பாதியில இருக்கும்போதே அவர் போயிட்டார். சாயங்காலம் இங்க உக்காந்து மிச்சத்தப் படிச்சுச் சொல்லுவேன். கேட் சத்தம் கேட்டா, நீ திட்டுவியேன்னு இறங்கி ஓடிடுவேன். அணைக்க மறந்துபோகுது."

வீட்டிலேயே பெரிய வாயாடி நான். குனிந்து அந்த ஸ்விட்சை மெதுவாக அணைத்தேன்.

இந்த ஒயரை நறுக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று டெஸ்டர் கட்டரை எடுத்தான். கையை வெட்டிவிடுவேன் என்றேன். சிரித்துக்கொண்டே ஒயரைத் திரும்ப மாட்டினான். நிற்கிற வண்டியில் எரிந்தால்தான் வம்பு, ஓடுகிற வண்டியில் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எரியட்டும் என்றான்.

ஞாயிற்றுக்கிழமை யாரும் வர வேண்டாம் என்று அண்ணனுக்குப் போன் செய்தேன். அவன் இழுத்தான். நான் வைத்துவிட்டேன்.

இருட்டத் தொடங்கியதும் அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து வண்டியை எடுத்தேன். விளக்கைப் போடலாமா என்று தயங்கிக் கேட்டாள். போடச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தாள். தெருமுனை தாண்டி, பெரிய ரோட்டில் ஏறியபோது பக்கம் புரட்ட நிறுத்தினாள்.

"அப்புறம்?" என்றேன்.

அம்மா சட்டென்று என் பக்கம் திரும்பினாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, அடுத்த பக்கத்தை வாசித்தாள்.