கிறிஸ்தோப்பர் வெயில் காய்ந்த இடம்

வெள்ளைப் புள்ளி முகத்தில் வரலாம், கையில் வரலாம். கிறிஸ்தோப்பருக்கு அது பின்பக்கத்தில் வந்தது. இடது பக்கம், ஓர் அப்பம் அகலத்துக்கு. கண்டுபிடித்தவள் மனைவி புனிதமலர். "மீனும் தயிரும் ஒண்டாத் தின்னாதேங்கோ எண்டு எத்தினை தரம் சொன்னனான்" என்று தொடங்கியவள், அடுத்த நாள் கிளினிக் வாசல் வரைக்கும் நிறுத்தவில்லை.

டொக்டர் சுரேகா சின்ன வயதுக்காரி. சிரிக்காமல் பார்த்தாள். அதற்காகவே கிறிஸ்தோப்பருக்கு அவளைப் பிடித்துப்போயிற்று.

"மீனும் தயிரும் ஒண்டும் செய்யேல்லை ஐயா. தோலுக்கு நிறம் குடுக்கிற உயிர்க்கலங்கள் எண்டு இருக்கு. உங்கட உடம்பின்ர காவல்காரர் அதுகளைக் கள்ளர் எண்டு நினைச்சு அடிச்சுப் போட்டினம். ஆருக்கும் தொத்தாது."

"எல்லாத்தையும் அடிச்சு முடிச்சாச்சோ?"

"மயிர் வேருக்குள்ள கொஞ்சம் ஒளிச்சிருக்குங்கள். இந்தக் களிம்பைப் பூசி, ஒவ்வொரு நாளும் காலமை வெயிலுக்குக் கொஞ்ச நேரம் காட்டுங்கோ. மெல்ல மெல்ல வெளியில வரும்."

காட்டுங்கோ என்றால் எங்கே காட்டுவது? வீட்டு வளவில் முடியாது. பக்கத்து வீட்டுக் கொலின்ஸின் கண் எப்போதும் வேலி ஓட்டையில்தான் இருக்கும். கடற்கரையில் கேட்கவே வேண்டாம். முல்லைத்தீவுக் கரையில் ஒருவனுக்குப் பட்டம் தெளித்தால் அந்தப் பட்டப்பெயர் சவப்பெட்டி வரைக்கும் கூடவரும். மூக்கனையே பாருங்கள். இளந்தாரி வயதில் நண்டு ஒன்று மூக்கைக் கவ்விப் பிடித்தது. அவ்வளவுதான். கோயிலில் அவருடைய கலியாண அறிவிப்பைச் சொந்தப் பெயரில் வாசித்தபோது, யாரோ வெளியூர் மாப்பிள்ளை என்று சனம் நினைத்தது. மூக்குக்கே இந்தக் கதி என்றால் தன்னுடைய இடத்துக்கு என்ன பட்டம் விழும் என்று கிறிஸ்தோப்பர் யோசித்துப் பார்த்தார்.

மிச்சம் இருந்தது கடல்தான். மற்றப் படகுகள் ஒரு பக்கம் போக, இவர் தன் படகில் தனியே மறுபக்கம் போனார். களிம்பைப் பூசினார், இடுப்புச் சாரத்தைக் கழற்றினார், குப்புறப் படுத்தார். சில நாட்கள் நல்ல சுகமாகவே போயின.

ஒருநாள் அலை அடித்துச் சாரம் நனைந்துவிட்டது. துடுப்பை நிமிர்த்திக் கட்டி, காயட்டும் என்று அதன் நுனியில் சாரத்தைப் போட்டுவிட்டுப் படுத்தவர், இளஞ்சூட்டில் உறங்கிப்போனார்.

துடுப்பில் துணி ஏறினால் ஆபத்து என்று அர்த்தம். கண்டவன் வலையை விட்டுவிட்டாவது ஓடிவர வேண்டும். நடக்கத் தொடங்கிய வயதிலேயே கிறிஸ்தோப்பருக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் அன்று அவருடைய புத்தி முழுவதும் பின்பக்கத்தில் இருந்தது.

எஞ்சின் சத்தத்தில் கண் விழித்தால், சுற்றிவர ஏழெட்டுப் படகுகள். முன்னால் கொலின்ஸ்.

"அண்ணை, என்ன நடந்தது?"

சாரம் துடுப்பு நுனியில். எடுப்பதென்றால் எழும்பி நிற்க வேண்டும். கிறிஸ்தோப்பர் வேறு வழி தெரியாமல் கடலுக்குள் குதித்தார். மனிசனுக்கு மூளை பிசகிவிட்டது என்று நினைத்துக் கொலின்ஸும் பின்னால் குதித்தான். பிடித்தான். உயரத் தூக்கிப் படகுக்குள் தள்ளினான். எதை ஒளிக்க இவ்வளவு பாடுபட்டாரோ, அதுவே எல்லாவற்றுக்கும் முதலில் விளிம்புக்கு மேலே வந்தது.

காலை வெயிலில் அது நன்றாகவே மினுங்கியது.

கிறிஸ்தோப்பருக்கு அழுகை வந்தது. அந்த நேரம் பார்த்து மூக்கன் தண்ணீரைக் காட்டி, "சூடை, சூடை" என்றார். படகுகளைச் சுற்றிச் சூடை மீன் கூட்டத்தில் கடல் கொதித்துக்கொண்டிருந்தது. எல்லாரும் அவரை மறந்து வலையை எறிந்தார்கள். அப்படி ஒரு மீன்பாட்டை அந்த வருடம் எவரும் கண்டதில்லை.

பட்டம் விழும் என்று அவர் வீட்டுக்குள் ஒடுங்கிக் கிடந்தார். பின்னேரம் கொலின்ஸ் வாசல் படலையடியில் வந்து நின்றான்.

"அண்ணை, நாளைக்கு எந்தப் பக்கம் வெயில் காட்டப் போறியள்?"

கிறிஸ்தோப்பர் கதவைச் சாத்தப் போனார்.

"பயப்பிடாதேங்கோ. ராசியான சாமானுக்குப் பட்டம் தெளிச்சால் ராசி போயிடும் எண்டு மூக்கண்ணை எல்லாருக்கும் சொல்லிப்போட்டார்."

கிறிஸ்தோப்பருக்கு உயிர் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அவர் குப்புறப் படுக்க, படகுகள் மரியாதையான தூரத்தில், முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டு காத்திருந்தன. மீன் பட்டால் அவருடைய ராசி. படாவிட்டால் மேகம் மறைத்துவிட்டது.

சில மாதம் கழித்து டொக்டர் சுரேகா லைட் பிடித்துப் பார்த்தாள். இந்த முறை சிரித்தாள். "வெள்ளைக்குள்ள மயிர் வேரடியில எல்லாம் கறுப்புப் பொட்டு வந்திருக்கு. ஒளிச்சிருந்ததுகள் வெளிக்கிட்டிட்டுதுகள் ஐயா. இன்னும் கொஞ்ச நாளில முழுக்க மூடீடும்."

பஸ்ஸால் இறங்கும்போதே கரைச் சனம் முழுக்கக் காத்து நின்றது.

"டொக்டர் என்ன சொன்னவா?" என்று கேட்டான் கொலின்ஸ்.

"மாறுதாம்."

கரை செத்த வீடாகிப் போனது. மூக்கன் வாயிலிருந்த பீடியை எடுத்தார். "களிம்பைக் கொஞ்சம் குறைச்சுப் பூசினால் என்ன, தம்பி?"

"எனக்கெண்டால் மாறினால் போதும்" என்று முறைத்துவிட்டுக் கிறிஸ்தோப்பர் வீட்டுக்குப் போனார். அங்கே களிம்பைக் காணவில்லை. அலுமாரியிலும் இல்லை, தலையணைக்குக் கீழும் இல்லை. கேட்டால், புனிதமலருக்கும் தெரியாதாம். "முதல்ல வந்து சாப்பிடுங்கோ" என்றாள்.

உட்கார்ந்தார். சோற்றைப் போட்டாள். மீன் குழம்பை விட்டாள். பிறகு குசினிக்குள் போய்ச் சட்டி ஒன்றைத் தூக்கி வந்து, அவர் முகத்தைப் பாராமல், மீனுக்கு மேலேயே ஒரு அகப்பை தயிரை ஊற்றினாள்.