நன்றியைத் திரும்பப் பெறுதல்

1

இந்தக் கதை என் தவறிலிருந்து பிறந்தது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதியில் சொன்னால் தப்பிக்கப் பார்க்கிறான் என்று நினைப்பீர்கள். நான் ருக்குமணிக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன். நல்ல கடிதம். வந்த வினையெல்லாம் அதனால்தான்.

கம்போங் ராஜா என்ற மலையூரில் எனக்கு ஓர் உரக்கடை இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் ஏழெட்டுக் கதைகள் வந்திருக்கின்றன. ஆட்சிமொழியான மலாயும் ஒழுங்காக எழுத வரும் என்பதால், அரசாங்கத்துக்கு ஏதாவது எழுத வேண்டுமென்றால் தோட்டத்து ஆட்கள் என்னிடம்தான் வருவார்கள். கதையும் மனுவும் ஒரே மேசையில், ஒரே பேனாவில்தான் எழுதுகிறேன். அதில் ஆபத்து இருக்கிறது என்று இத்தனை வருடமாக எனக்குத் தோன்றவில்லை.

2

முதல் தொடக்கம்: "மூடுபனி தேயிலைச் சரிவில் மெல்ல இறங்கிக்கொண்டிருந்த அந்த"

(அடித்துவிட்டேன். ருக்குமணி பதினெட்டு வருடமாக அந்தப் பனியில் நின்று கொழுந்து வெட்டுகிறார். பனியைப் பற்றிக் கேட்டால் "சட்ட நனையும்ணே" என்பார்.)

இரண்டாம் தொடக்கம்: "சமத்துவம் என்பது ஓர் அரசு தன் குடிமக்களுக்குத் தரும்"

(இதையும் அடித்தேன். உண்மைதான், ஆனால் இப்படித் தொடங்கினால் நீங்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். நானாக இருந்தாலும் திருப்புவேன்.)

மூன்றாம் தொடக்கம்: "மார்ச் பதினொன்றாம் தேதி காலையில், செல்லையாவின் வலது கை டீக் குவளையை விட்டுவிட்டது."

இதை வைத்துக்கொள்கிறேன். செல்லையா ருக்குமணியின் கணவர். தோட்டத்துத் தொழிற்சாலையில் கொழுந்து உலர்த்தும் இயந்திரத்தில் வேலை, வயது ஐம்பத்திரண்டு. பக்கவாதம். மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்தார். பேச்சு திரும்பியது, கால் ஓரளவு திரும்பியது, கை திரும்பவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒன்று சொன்னார்: முதல் ஆறு மாதம்தான் முக்கியம், அதற்குள் முறையான பயிற்சி கொடுத்தால் கை வந்துவிடலாம். பயிற்சி கொடுப்பவர் வாரம் ஒருமுறை வீட்டுக்கே வருவார், அரசாங்கத் திட்டம், எல்லோருக்கும் உண்டு என்றும் சொன்னார்.

வந்தார். செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சுகாதார வேனில், தோட்டத்துக் கேட் வரை வந்தார். அதற்கு மேல் தனியார் நிலம், வேன் ஏறக் கூடாது என்று உத்தரவாம். நோயாளியைக் கீழே கொண்டுவரச் சொன்னார். தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீட்டிலிருந்து கேட் மூன்று கிலோமீட்டர். செல்லையாவை மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்காரவைக்க முடியாது. பிடித்துக்கொள்ள வேண்டிய கைதானே போயிருக்கிறது. இரண்டு முறை யாருடைய காரிலோ இறக்கினார்கள். மூன்றாவது வாரம் கார் கிடைக்கவில்லை. தோட்ட மேனேஜரைக் கேட்டால், "வேன் வரட்டுமே, நான் எங்கே தடுத்தேன்?" என்கிறார்.

(அடிக்குறிப்பு: திரிங்காப்பில் என் கடை வாடிக்கையாளர் ஒருவர், காய்கறி போடுகிறவர், இடுப்பெலும்பு முறிந்து கிடந்தபோது இதே வேன் அவருடைய பண்ணைச் சேற்றுப் பாதையில் ஏறி வாசல் வரை போனது. அந்தப் பாதையும் அரசாங்கம் போட்டதல்ல. அவருக்குப் போனது சரிதான், குறை சொல்லவில்லை. ஏற முடியும் என்பதற்காகச் சொல்கிறேன்.)

3

ஏப்ரல் கடைசியில் ருக்குமணி கடைக்கு வந்தார்.

"அண்ணே, வேன் லைனுக்கு வரணும். அவ்ளோதான். எழுதிக் குடுங்க."

"அப்படி மொட்டையா எழுதக் கூடாதும்மா."

ஏன் கூடாது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இப்படிச் சொல்லியிருப்பேன்: தோட்டத்தில் துரைக்கு மனு எழுதினால், கேட்பதற்கு முன் நன்றி சொல்ல வேண்டும். கூரைக்குச் சாயம் அடித்ததற்கு, திருவிழாவுக்கு லோரி கொடுத்ததற்கு, போன வருடம் கேட்டதைக் கொடுக்காவிட்டாலும் காது கொடுத்துக் கேட்டதற்கு. நன்றி சொல்லாமல் கேட்டவனுக்குத் திமிர் பிடித்தவன் என்று பெயர் வரும், பெயர் வந்தபின் கேட்டது வராது. துரைமார் போய் எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. என் கை இன்னும் அப்படியேதான் எழுதுகிறது.

மனு போனது வேன், வடிகால் என்று எல்லாவற்றுக்கும் பொறுப்பான அரசாங்க அலுவலகத்துக்கு; முதல் பக்கம் முழுவதும் நன்றி. வாரம் தவறாமல் வேன் அனுப்புவதற்கு, மழையிலும் கேட் வரை வருவதற்கு, ஊழியர்களின் கனிந்த முகத்துக்கு. (கனிந்த முகம்! மலாயில் அது இன்னும் அழகாக வந்தது.) கோரிக்கை இரண்டாம் பக்கத்தில் ஐந்தாவது வரியில் இருந்தது. ருக்குமணிக்குத் தமிழில் சொல்லிக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. நான் கேட்டது எங்கண்ணே?"

"பின்னாடி வருதும்மா."

இரண்டு பக்கத்திலும் தமிழில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

4

மூன்று வாரம் கழித்து, பதில் கேட்க அவரே அந்த அலுவலகத்துக்குப் போனார். (எந்த அலுவலகம் என்று சொல்லமாட்டேன்; கற்பனை அலுவலகம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.) திரும்பி நேராகக் கடைக்கு வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"நம்ம லெட்டர கண்ணாடிக்குள்ள போட்டு போர்டுல மாட்டியிருக்காங்கண்ணே. என் கையெழுத்து தெரியுது."

தோட்டத்தில் ஆபீஸ் போர்டில் ஏறிய தாள் என்றால் முடிந்துபோன முடிவு. யாருக்கு எந்த வீடு, யாருக்கு எந்த மலையில் வேலை, எல்லாம் போர்டில் ஏறிவிட்டால் பிறகு பேச்சு கிடையாது. அதனால் அவர் யாரையும் எதுவும் கேட்காமல் வந்துவிட்டார். எனக்கும் சந்தேகம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் பெருமையாக இருந்தது. என் எழுத்தை இதுவரை யாரும் கண்ணாடி போட்டு மாட்டியதில்லை.

அதன்பின் ஒவ்வொரு செவ்வாயும் செல்லையாவுக்கு முகம் கழுவி, துவைத்த சட்டை போட்டு, வாசலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தார்கள். வேன் கேட் வரை வந்து, அரை மணி நேரம் நின்று, போய்விட்டது. ஐந்து செவ்வாய்.

ஜூன் கடைசியில் நானே போய்ப் பார்த்தேன். போர்டில் என் முதல் பக்கம் மட்டும் இருந்தது. மேலே பெரிய மலாய் எழுத்தில், 'மக்களின் பாராட்டு'. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அவமானம் என்றுதான் அதற்குப் பெயர்.

5

இப்போது லிங்கேஸ்வரன் வர வேண்டும். அந்த அலுவலகத்தின் உதவி அதிகாரி, முப்பது வயது இருக்கும். இவரை வில்லனாக்க மூன்று முறை முயன்றேன். ஒரு வரைவில் மீசை வைத்தேன், அடுத்ததில் எடுத்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. உண்மையில், நானும் ருக்குமணியும் மறுபடி அங்கே போனபோது அவர் எழுந்து ருக்குமணிக்கு நாற்காலி போட்டார். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் உட்கார்ந்திருக்கும் அலுவலகத்தில்தான் இது நடந்தது என்பதை நீங்களும் நானும் ஏற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

"சிஸ்டத்துல மூணு பெட்டிதான் அங்கிள். புகார், ஆலோசனை, பாராட்டு. மொத பக்கத்த பாத்து போட்டுருவாங்க. உங்க மொத பக்கம்..." கொஞ்சம் தயங்கினார். "ரொம்ப நல்லா இருந்துச்சு லா."

ருக்குமணி சொன்னார்: "அந்த நன்றிய நான் திரும்ப எடுத்துக்கிறேன் சார்."

"அதுக்கு ஃபாரம் இல்லியே ஆன்ட்டி."

"குடுக்கறப்ப ஃபாரம் கேக்கலியே."

"ரிப்போர்ட்டும் மேல போயிருச்சு. இந்த வருசம் நமக்கு வந்தது ரெண்டே ரெண்டு பாராட்டு."

"இன்னொண்ணு யாரு குடுத்தா?" என்று நான் கேட்டேன். அவர் கோப்பைத் திறந்து காட்டினார். லெம்பா பெர்த்தாமில் வடிகால் அடைத்துக்கொண்டது பற்றி ஒரு விவசாயி கொடுத்த மனு. அதையும் நான்தான் எழுதியிருந்தேன்.

(இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எடுத்துவிட்டேன். கதை என்னுடையது இல்லை.)

ருக்குமணி போர்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாராட்டுக்குப் பக்கத்தில் அலுவலகத்தின் வாக்குறுதி தொங்கியது. இனம், மதம், இருப்பிடம் பாராமல் அனைவருக்கும் சமமான சேவை. புகாருக்குப் பதினான்கு வேலை நாளில் பதில். நான் வாசித்துச் சொன்னேன்.

"இது யாரு எழுதுன லெட்டர் சார்?"

"லெட்டர் இல்ல ஆன்ட்டி. மேலருந்து வந்தது, பாலிசி."

"அத எந்தப் பெட்டில போட்டிருக்கீங்க?"

லிங்கேஸ்வரன் கோப்பை மூடினார். மேசையிலிருந்து சாவியை எடுத்தார். கண்ணாடியைத் திறந்து, என் முதல் பக்கத்தைக் கழற்றி, ருக்குமணியின் கையில் கொடுத்தார். யாரிடம் கேட்டுச் செய்தாய் என்று அவரை நாளை யாராவது கேட்கக்கூடும்.

6

இரண்டாம் கடிதத்தை அங்கேயே நின்றுகொண்டு எழுதினேன். ருக்குமணி சொல்லச் சொல்ல மலாயில் போட்டேன்.

"முன்பு சொன்ன நன்றியைத் திரும்பப் பெறுகிறேன். வேன் எங்கள் லைனுக்கு வர வேண்டும். வர முடியாது என்றால், முடிவு செய்தது யார், எந்த விதிப்படி, மற்ற இடங்களுக்கு எப்படிப் போகிறது என்று பெயர் போட்டு எழுதிக் கொடுங்கள்."

"தாழ்மையுடன்னு ஒரு வார்த்தை போட்டுக்கலாமாம்மா?"

"வேணாண்ணே."

புகார்ப் பெட்டியில் ஏறியது. தேதி முத்திரை விழுந்தது.

7

முடிவுகள். வழக்கப்படி இரண்டு மூன்று தர வேண்டும்.

முடிவு அ: செவ்வாய்க்கிழமை வேன் லைனுக்குள் வருகிறது. எல்லோரும் வாசலுக்கு வருகிறார்கள். செல்லையாவின் விரல் மெல்ல

(இதை இரண்டு பக்கம் எழுதி ருக்குமணியிடம் வாசித்துக் காட்டினேன். "வந்தப்புறம் எழுதுங்கண்ணே, இல்லாட்டி இதையும் மாட்டிருவாங்க" என்றார்.)

முடிவு ஆ: பதில் வரவில்லை. ஆறு மாதம் கடந்துவிட்டது. கை கடைசி வரை

(எழுத முடியவில்லை. நீங்கள் அழுவீர்கள், நானும் அழுவேன், அழுது முடித்ததும் நாம் ஏதோ செய்துவிட்டதைப் போல் இருக்கும்.)

முடிவு இ: இல்லை. உங்களிடம் விடலாம் என்று நினைத்தேன், அதுவும் நியாயமில்லை. முடிவு செய்ய வேண்டியவர்கள் நீங்களும் இல்லை, நானும் இல்லை. அதற்கென்று பதவியும் நாற்காலியும் உள்ளவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் எழுத வேண்டியதை நான் எழுதித் தரப்போவதில்லை. நீங்கள் ஒன்று செய்யலாம்: பதினான்காம் நாள், பதில் வந்ததா என்று கேட்கலாம்.

இன்று திங்கட்கிழமை, ஒன்பதாம் வேலை நாள். ஆறு மாதத்தில் நான்கு போய்விட்டது.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும் முன், ருக்குமணி செல்லையாவின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து மடக்கி நீட்டுகிறார். ஆரம்பத்தில் இரண்டு தடவை கேட்டில் பார்த்ததை வைத்துச் செய்கிறார். நேற்று என்னிடம் கேட்டார்: "கட்ட வெரல உள்ளாற மடக்கணுமா, வெளிய இழுக்கணுமா அண்ணே? தப்பா செஞ்சா கெட்டுப் போயிருமாமே."

எனக்குத் தெரியவில்லை. தெரிந்தவர் நாளைக் காலை பத்து மணிக்கு வருவார். அரை மணி நேரம் கேட்டுக்கு வெளியே வேனில் உட்கார்ந்திருப்பார்.