கோட்டுக்கு இந்தப் பக்கம்

லிங்கேஸ்வரன் மூட்டையை எப்போதும் இடது தோளில்தான் ஏற்றுவான். ஜீப்பின் பின்பக்கத்தில் முதுகைக் கொடுத்து வாங்கி, ஏலக்காய் ஸ்டோரின் படியேறி, அடுக்கின் மேல் சத்தமில்லாமல் இறக்குவான். சுமையை அவன் வலது தோளுக்கு மாற்றி அங்கே யாரும் பார்த்ததில்லை. அந்தக் கை கிரிக்கெட்டில் பந்தெறிவதற்கானது. எல்லைக்கோட்டிலிருந்து அவன் எறிகிற டென்னிஸ் பந்து தரையில் ஒரு குத்துக்கூடப் படாமல் கீப்பரின் கைக்குப் போய்ச் சேரும். முப்பத்தைந்து வயதில் அவனிடம் மிச்சமிருந்த சொத்து அதுதான்.

உள்ளே நீளக் கூடத்தில் பெண்கள் உட்கார்ந்து காய் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அவன் மனைவி பானுப்பிரியா வெடித்த காய்களைத் தனியே ஒதுக்கியபடி நிமிராமலே கேட்டாள்.

"நாளைக்கு பைனலு. இன்னைக்காவது வெரசா வீட்டுக்குப் போக வேண்டியதுதான?"

"லோடு நிக்கிதுல்ல."

கணக்கறையிலிருந்து முதலாளி ஜக்கையன் வெளியே வந்தார். ஸ்டோர் அவருடையது. அணியும் அவருடையது, சட்டையின் முதுகில் அவருடைய ஸ்டோர் பெயர்தான் அச்சடித்திருக்கும். அவர் பெண்களுக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்.

"லிங்கம், நாளைக்குக் கப்பக் கொண்டாந்துரு. ஸ்டோர் சாவி உன் கையில. மூட்ட தூக்குறதெல்லாம் போதும், நிரந்தரமா உள்ள வந்துரு. நான் சொன்னா சொன்னதுதான்."

பானுப்பிரியா அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

பதினெட்டு வயதில் ராசிங்காபுரம் அணிக்கு ஆடத் தொடங்கியவன் அவன். மட்டையடிப்பவனுக்கும் பந்து வீசுபவனுக்கும் ஊர் ஊராய்ப் பெயர் இருக்கும். இவன் இரண்டிலும் சுமார். ஓரத்தில் நிறுத்துவதற்காகவே இவனைக் கூப்பிட்டார்கள். எவ்வளவு உயரம் போன பந்தானாலும் அது இறங்குகிற இடத்துக்கு முன்னதாகவே போய் நின்றுகொண்டிருப்பான். ராசிங்காபுரத்தில் அணிக்குச் செலவு செய்தவரின் மருமகன் கோயம்புத்தூரில் படிப்பை முடித்துவிட்டு வந்தான். அதன்பிறகு ஓரத்தில் அந்த மருமகன் நின்றான். பிறகு தேவாரம். அங்கே இரண்டு பருவம் நன்றாகப் போயிற்று. மூன்றாவது பருவத்தில் அணியை நடத்தியவரின் தென்னந்தோப்புக்குள் யானை இறங்கியது. அதோடு அணியும் முடிந்தது.

மலைக்கு அந்தப் பக்கம், கேரளத்து நெடுங்கண்டத்துக்காரர்கள் அவனைத் தாங்கினார்கள். அவன் பிடிக்கிற ஒவ்வொரு பந்துக்கும் "கொள்ளாம் அண்ணா" என்று மலையாளத்தில் கத்துவார்கள். ஆட்டம் முடிந்ததும் மரவள்ளிக்கிழங்கும் மீன்கறியும் கொடுத்து ஜீப்பேற்றி விடுவார்கள். கொரோனாவில் போடிமெட்டு எல்லைச் சாவடியை அடைத்தபோது அவனால் மலையேற முடியவில்லை. திறந்தபோது அவன் இடத்தில் வேறொருவன் நின்றுகொண்டிருந்தான். ஒருமுறை சென்னையில் ஏதோ லீக் என்று கூட்டிப்போனார்கள். லாட்ஜில் படுக்கவைத்து, இரண்டு ஆட்டம் ஆடவைத்து, மூன்றாம் நாள் காலையில் பஸ்சுக்கு வழி சொன்னார்கள்.

இதையெல்லாம் கேட்பவர்களிடம் அவன் ஒன்றுதான் சொல்வான். "கூப்டாய்ங்க, போனோம். வேணாம்னாய்ங்க, வந்தோம்."

அவனை வேண்டாம் என்று சொல்லாதவன் பிரபு ஒருத்தன்தான். ஒரே தெரு, ஒரே பள்ளிக்கூடம். லிங்கேஸ்வரனின் கல்யாணத்தில் மாப்பிள்ளைத் தோழனாய் நின்றவன். இப்போது சொந்தமாக ஜீப் வைத்து, விடிவதற்கு முன் எஸ்டேட்டுக்கு வேலையாட்களை ஏற்றிப்போவதும் இறங்கும்போது ஏலக்காய் லோடு அடிப்பதுமாக இருந்தான். ஜக்கையன் அணிக்கு அவன்தான் கேப்டன். "என் மாப்ள இருக்கான். ஒரு பக்கத்து எல்லைய அவங்கிட்ட விட்டுட்டு நம்ம தூங்கலாம்" என்று சொல்லி லிங்கேஸ்வரனை அணிக்குள் கொண்டுவந்ததும், ஸ்டோரில் மூட்டை தூக்கச் சேர்த்துவிட்டதும் அவன்தான்.

மறுநாள் இறுதி ஆட்டம் பூப்பாறைக்கு அந்தப் பக்கத்து ஏலக்காய் எஸ்டேட் அணியோடு. எஸ்டேட் முதலாளியின் மகன்தான் அவர்களுக்குக் கேப்டன்; சின்ன முதலாளி என்றே மைதானத்திலும் கூப்பிட்டார்கள். மலையடிவாரத்து மைதானத்தைச் சுற்றிக் கூட்டம் பனைமரத்து நிழலையும் விடாமல் நிறைந்திருந்தது. பந்தலுக்குக் கீழே ஜக்கையனும் எஸ்டேட் முதலாளியும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இளநீர் குடித்தார்கள்.

ஆட்டம் ஜக்கையன் அணியின் பக்கமே இருந்தது. கடைசி ஓவர் வந்தபோது பிரபு பந்தைச் சுருளியிடம் கொடுத்தான். சுருளி அன்று முழுக்க அடி வாங்கியவன். நன்றாக வீசிய தவசி கையைத் துடைத்துக்கொண்டு நின்றான். அவனுக்கு இன்னும் ஓவர் பாக்கி இருந்தது. எப்போதும் பந்து வீசுபவனுக்குப் பக்கத்திலேயே நிற்கிற பிரபு, சுருளியிடம் ஏதோ சொல்லிவிட்டு எல்லைக்கு வந்து லிங்கேஸ்வரனுக்குப் பக்கத்தில் நின்றான்.

"என்ன மாப்ள, தவசி இருக்கான்ல?" லிங்கேஸ்வரன் கேட்டான்.

"நீ பந்தப் பாரு."

கடைசிப் பந்தில் எஸ்டேட்டுக்கு நாலு ரன் வேண்டியிருந்தது. சின்ன முதலாளி மட்டையைச் சுழற்றினான். மட்டையில் பட்ட சத்தத்திலேயே கூட்டம் எழுந்துவிட்டது. பந்து லிங்கேஸ்வரனின் தலைக்கு மேல், அவனுக்குப் பின்னால் விழப் போகிற பந்து. அவன் பந்துக்கு முதுகைக் காட்டி ஓடினான். சுண்ணாம்புக் கோடு கண்ணில் பட்டதும் காலைக் குறுக்கே ஊன்றி, உடம்பை வில்லாய் வளைத்து, கோட்டுக்கு வெளியே வலது கையை மட்டும் நீட்டினான். பந்து உள்ளங்கையில் வந்து ஒட்டிக்கொண்டது. கால் கோட்டைத் தொடாமலிருக்க உள்பக்கமாகவே சாய்ந்து விழுந்தான். விழுந்த இடத்தில் முழங்கை சிராய்த்தது. கோடு ஒரு சாண் தள்ளிக் கிடந்தது.

அவன் எழுந்து பந்தைத் தூக்கிக் காட்டினான். மைதானமே அலறியது.

நடுவர் பால்ராஜ், தேவாரத்துப் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார், அங்கிருந்து ஓடி வந்தார். "லிங்கம், கால் பட்டுச்சாப்பா? அம்புட்டுத் தூரத்துல இருந்து எனக்குத் தெரியல."

"இல்ல சார். சுத்தமான கேச்சு."

பால்ராஜ் பக்கத்தில் நின்ற பிரபுவைப் பார்த்தார். "நீ பாத்தியாப்பா?"

பிரபு தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"பட்டுச்சு சார்."

லிங்கேஸ்வரன் அவன் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தான். சிரிக்கக்கூடச் செய்தான். "டேய் மாப்ள..."

"குதிகால் கோட்டுல இருந்துச்சு சார். நான் பாத்தேன். எங்க ஆளுங்கிறதுக்காகப் பொய் சொல்லக் கூடாதுல்ல."

லிங்கேஸ்வரன் ஒரு கையால் பிரபுவின் தோளைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கி, ஷூவின் அடியைக் காட்டினான். செம்மண்தான் ஒட்டியிருந்தது, சுண்ணாம்பு ஒரு பொட்டும் இல்லை. "சார், பாருங்க சார். இங்கிட்டுப் பாருங்க."

பால்ராஜ் பார்க்கவில்லை. "உங்க கேப்டனே சொல்றாரு. இதுக்கு மேல என்னப்பா?" என்று இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினார். ஆறு ரன்.

கோப்பையை எஸ்டேட்காரர்கள் வாங்கினார்கள். தோல்வியென்று தெரிந்தும் உண்மை பேசிய கேப்டனுக்குத் தனியாக ஒரு கேடயம் என்று மைக்கில் அறிவித்தபோது கூட்டம் எழுந்து கைதட்டியது. எஸ்டேட் முதலாளியே இறங்கி வந்து பிரபுவுக்குச் சால்வை போட்டார். லிங்கேஸ்வரன் தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில் நின்று முழங்கையைக் கழுவிக்கொண்டிருந்தான். பக்கத்தில் வந்த ஒருவர், "இந்த வயசுல எதுக்குப்பா உனக்குக் கள்ளக் கேச்சு?" என்று வருத்தத்தோடுதான் கேட்டார்.

சாவியைப் பற்றி அவனாகப் போய்க் கேட்கவில்லை. பானுப்பிரியாதான் கேட்கச் சொன்னாள். கப்பு வராவிட்டாலும் உழைத்தது உழைத்ததுதானே என்றாள். ஜக்கையன் அவனை உட்காரச் சொல்லாமல் பேசினார்.

"கப்பு போகட்டும் லிங்கம், அதுல எனக்கு வருத்தமில்ல. ஆனா நீ நடுவர் மூஞ்சியப் பாத்துப் பொய் சொன்ன பாத்தியா. உள்ள இருக்கிறது ஏலக்கா. ஒரு குத்து அள்ளி மடியில கட்டுனா யாருக்குத் தெரியும்? சாவிய எப்படிக் குடுக்கிறது, நீயே சொல்லு."

அவன் வெளியே வந்து அடுத்த மூட்டையை எடுத்தான்.

அந்த ஆட்டத்தைக் கைபேசியில் எடுத்த யாரோ, அவன் ஒற்றைக் காலில் நின்று ஷூவைக் காட்டுகிற இடத்தை மட்டும் வெட்டி ஊரெல்லாம் அனுப்பியிருந்தார்கள். வைகாசியில் சின்னமனூரில் போட்டி நடந்தது, கூப்பிடவில்லை. ஆனியில் நெடுங்கண்டத்துப் பழைய ஆட்களுக்கு அவனே போன் பண்ணினான். எடுத்தவன் அன்பாகத்தான் பேசினான். "அண்ணா, நமக்குப் பிரச்சனையில்ல. பின்ன, கமிட்டிக்காரு சம்மதிக்கணுமே." பிரபு பார்க்கிற இடத்தில் எல்லாம் "சாப்டியா மாப்ள" என்று கேட்டான். பிரபுவுக்கு நிஜமாகவே அப்படித் தெரிந்திருக்கும் என்று லிங்கேஸ்வரன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிடந்தான். வெயில், தூசி, கண் ஏமாற்றாதா என்ன. சில நாள் தன் கால்மேலேயே அவனுக்குச் சந்தேகம் வந்தது.

ஆவணியில் காய் இறங்கத் தொடங்கியது. ஒரு மத்தியானம் பிரபுவின் ஜீப் லோடோடு வந்து நின்றது. சாக்கில் குத்தியிருந்த முத்திரை பூப்பாறைக்கு அந்தப் பக்கத்து எஸ்டேட்டுடையது. அந்த எஸ்டேட் காய் ஒருபோதும் ஜக்கையன் ஸ்டோருக்கு வந்ததில்லை. அடுத்த நாளும் வந்தது. அதற்கு மறுநாள் பிரபு புது ஜீப்பில் வந்தான். பழையதை ஓட்ட ஆள் போட்டிருந்தான்.

பெண்கள் சோறு தின்னப் போயிருந்த நேரம். லிங்கேஸ்வரன் ஜீப்பின் கதவைப் பிடித்துக்கொண்டு கேட்டான். "எஸ்டேட்டுக் காய் பூராம் இனி இங்கிட்டுத்தானா?"

பிரபு வண்டியை விட்டு இறங்கவில்லை. ஸ்டியரிங்கைத் தடவியபடி சொன்னான். "பூராம் இங்கதான். மகன் கையில கப்பப் பாக்கணும்னு பெரிய மொதலாளிக்கு ஆச. அவரும் நம்ம மொதலாளியும் பைனலுக்கு மொத நாளே பேசிட்டாங்க. காய் நம்ம ஸ்டோருக்கு, லோடு எனக்குன்னாங்க."

"கால் படலடா."

"தெரியும் மாப்ள."

லிங்கேஸ்வரன் ஜன்னலுக்குள் குனிந்தான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பந்த விட்டுருப்பியா?"

அவன் யோசித்துப் பார்த்தான். கதவிலிருந்து கையை எடுக்காமல் உண்மையாகவே யோசித்தான். "விட்டுருக்க மாட்டேன்."

"அதான். அந்தப் பந்த எவனும் பிடிக்க மாட்டான்னு நெனச்சேன். நீ போய்ப் பிடிச்சிட்ட. நான் என்ன செய்ய?"

"பால்ராஜ் சார்கிட்ட மட்டும் சொல்லிரு. வேற யாரும் வேணாம். அவருகிட்ட மட்டும்."

"சொல்லலாம்." பிரபு அவன் முகத்தைப் பார்க்காமல் ஸ்டோர் வாசலைப் பார்த்தான். "சொன்னா லோடு போயிரும். எனக்கு மட்டுமா போகும்? தங்கச்சி உள்ள ஒக்காந்து பிரிக்கிறது அந்தக் காயத்தான். வருசம் பூராம் சோலி இருக்குன்னு மொதலாளி அதுகளுக்கு வாக்குக் குடுத்திருக்காரு."

லிங்கேஸ்வரன் கதவை விட்டான். சோறு தின்ற கையைக் கழுவிக்கொண்டு பானுப்பிரியா கூடத்துக்குத் திரும்பிக்கொண்டிருந்தாள். அவள் இவர்கள் இருவரையும் பார்த்துவிட்டு, "என்னண்ணே, புது வண்டிக்கு மிட்டாய்கூட இல்லையா?" என்று பிரபுவிடம் கேட்டாள். "வாங்கியாரேன் தங்கச்சி" என்றான் அவன்.

நாலு மணிவாக்கில் போடிமெட்டுப் பக்கம் இருட்டி, மழை மலையை விட்டு இறங்கி வந்தது. இறக்காத மூட்டைகள் இன்னும் பாதி ஜீப்பில் இருந்தன. "நனைய விட்றாதீக, எதையாச்சும் போட்டு மூடுங்கப்பா" என்று ஜக்கையன் உள்ளேயிருந்து சத்தம் போட்டார். தார்ப்பாய் போதவில்லை. பஸ் ஸ்டாண்டு முக்கில் கோடை முழுக்கக் கட்டியிருந்து, கழற்றிச் சுருட்டிவைத்த பேனர் ஒன்று மூலையில் கிடந்தது. லிங்கேஸ்வரன் அதைத் தூக்கிக்கொண்டு ஓடி, ஜீப்பின் மேலேறி உதறி விரித்தான். சால்வை போட்டபடி கைகூப்பி நிற்கிற பிரபுவின் படம் மூட்டைகளின் மேல் விழுந்தது. தலைமாட்டில் 'நேர்மையே வெற்றி' என்று பெரிய எழுத்து. காற்று அதைத் தூக்கப் பார்த்தது. அவன் அதன்மேல் முழங்காலை ஊன்றி, நாலு மூலைக்கும் கயிறு போட்டு, ஒரு சொட்டும் உள்ளே இறங்காதபடி இழுத்துக் கட்டினான். கட்டி முடிக்கும்வரை மழை அவன் முதுகில் பெய்துகொண்டிருந்தது.