கெய்ரோ வேகம்

எங்கள் தமன்ஹூர் ஊர்க்காரர்கள் தொலைபேசியில் லேசில் விஷயத்துக்கு வரமாட்டார்கள். சலாம் சொல்லி, உடம்பை விசாரித்து, பிள்ளைகளை விசாரித்து, வெயிலைத் திட்டி, வைக்கப்போகும்போதுதான் "அப்புறம் இன்னொண்ணு" என்பார்கள். நானும் இந்த ஊர்க்காரிதான். மருத்துவமனையில் டயாலிசிஸுக்கு நேரம் குறித்துக்கொடுக்கும் பெண்களுக்கு நான் பொறுப்பு. ஒருநாள் மேலாளர் வஜ்தி சார் என் மேஜைக்கு வந்தார்.

"கெய்ரோ கிளையில ஒரு அழைப்பு ரெண்டு நிமிஷத்துல முடியுது, இனாஸ். உங்க பொண்ணுங்களுக்கு அஞ்சு ஆகுது. மாசக் கடைசிக்குள்ள அவங்க அளவுக்கு வரலேன்னா இந்தப் பிரிவே அங்க போயிடும்."

"அங்க யாரும் நலம் விசாரிக்கமாட்டாங்க சார்."

"இங்கயும் விசாரிக்க வேணாம்."

பக்கவாதத்தில் படுத்திருக்கும் கணவரும் பிள்ளைகளும் என் சம்பளத்தில்தான் சாப்பிடுகிறார்கள். கெய்ரோவுக்கே போய்ப் பார்த்தேன். அங்கே சலாமுக்குப் பதில் சலாம்கூடக் கிடையாது, நேரே "அட்டை எண்?"தான். அதையே என் பெண்களுக்கும் பழக்கினேன். இரண்டு நிமிடம் தாண்டினால் திரையில் கடிகாரம் சிவக்கும். போகப்போகச் சிவப்பு குறைந்தது. வஜ்தி சார் பஸ்பூசா இனிப்பு வாங்கிவந்தார். வெட்கங்கெட்டு நானும் தின்றேன்.

மாதக் கடைசி நாள் மத்தியானம், காலையில் வந்த அழைப்புகளின் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பஹிஜா அம்மாவின் குரல். கணவருக்காக எப்போதும் கூப்பிடுகிறவர்.

"நல்லாயிருக்கியா மகளே, உங்கம்மா..."

"அட்டை எண்?" இது எங்கள் ஷெரீன்.

சொன்னார். வியாழக்கிழமை காலை என்றாள்.

"சரிம்மா. அப்புறம் இன்னொண்ணு, அவருக்கு ராத்திரியிலேர்ந்து மூச்சு..."

அதோடு பதிவு முடிந்துவிட்டது.

"ஏண்டி வச்சே?"

"நீங்கதானேக்கா சொன்னீங்க." ஷெரீனின் முகம் வெளுத்துப்போனது.

அந்த வீட்டு எண்ணுக்குக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாங்கள் கூப்பிடுவதும் கணக்கில் சேரும். வஜ்தி சார் பின்னால் வந்து நின்றார்.

"சராசரி விளிம்புல நிக்குது, இனாஸ். வச்சிடுங்க."

நான் வைக்கவில்லை. கடிகாரம் சிவந்தது. அதற்கப்புறம்தான் யாரோ எடுத்தார்கள். பின்னால் நிறைய ஆட்கள் பேசும் சத்தம். அந்த வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

"சலாம். நல்லாயிருக்கீங்களா?" என்றேன்.

எடுத்தவரின் மூச்சு மட்டும் கேட்டது.

விஷயத்துக்கு வர எனக்குத் தைரியம் வரவில்லை. பிள்ளைகளை விசாரித்தேன். வெயிலைப் பற்றிக் கேட்டேன். திரையில் சிவப்பு எண்கள் ஓடிக்கொண்டிருந்தன.